சீட்ட ஏத்துனா கால் தரைல எட்டலையே!

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 38 வயசு, சின்ன வயசுல சைக்கிள் ஓட்டக் கத்துக்க விடல, இப்பதான் பொண்ணுகிட்ட கத்துக்கிட்டேன், ரெண்டு மாசம் ஆகுது. ரெண்டு பாதமும் தரைல முழுசா பதியற மாதிரி சீட்ட அடியோட இறக்கி வச்சிருக்கேன், அப்பதான் தைரியமா இருக்கு. ஆனா அரை மணி நேரம் ஓட்டுனாலே முட்டிக்கு முன்பக்கம் வலிக்குது. சீட்ட ஏத்தும்மாங்கறா பொண்ணு. ஒரு நாள் ஏத்தி ஓட்டிப் பாத்தேன், நிறுத்தறப்போ கால் எட்டாம சைக்கிளோட சாஞ்சுட்டேன், நல்லவேளை புல்தரை. மறுபடி இறக்கியாச்சு. நான் வலியோட ஓட்டுறதா, பயத்தோட ஓட்டுறதா?

பதில்: ரெண்டும் வேணாங்க. உங்க பொண்ணு சொல்றது சரிதான், ஆனா பாதிதான் சொல்லியிருக்கா. சீட்ட ஏத்தச் சொன்னவ, ஏத்துனப்புறம் எப்படி நிறுத்தணும்னு சொல்லித் தரல. நீங்க சாஞ்சது சீட்டு உயரத்தால இல்ல, சீட்டுல உக்காந்தபடியே நிறுத்தப் பாத்ததால.

மொதல்ல வலிக்கு வருவோம். சீட்டு ரொம்ப கீழ இருந்தா பெடல் மேல வர்ற ஒவ்வொரு தடவையும் முட்டி அளவுக்கு மேல மடங்குது, மடங்குன காலாலயே பலம் குடுத்து மிதிக்கறீங்க, அந்த அழுத்தம் பூரா முட்டிச் சில்லு மேலதான் இறங்கும். முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட்டு தாழ்வு, முட்டிக்குப் பின்னாடி இழுத்துப் புடிச்சா பெரும்பாலும் சீட்டு உசரம். (வீக்கம் இருந்தா, இல்ல சீட்ட சரி பண்ணியும் வலி நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, என்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்காதீங்க.)

அளவு பாக்கறது ரொம்ப லேசு. செவத்துல ஒரு கைய ஊனிக்கிட்டு, வழக்கமா போடுற செருப்போ ஷூவோ போட்டு சீட்டுல நேரா உக்காருங்க, ஒரு பெடல அடி மட்டத்துக்குக் கொண்டு வந்து அதுல குதிகால வைங்க. அப்ப கால் நேரா நீளணும், ஆனா இடுப்பு ஒரு பக்கமா சரியக் கூடாது. இது சரியா இருந்தா, ஓட்டறப்போ பாதத்தோட முன்பகுதிய பெடல்ல வச்சு மிதிக்கும்போது முட்டி தானாவே லேசா, ஏறக்குறைய 25லேர்ந்து 35 டிகிரி மடங்கியிருக்கும், அதுதான் வேணும். பின்னாடி ஒருத்தர வரச் சொல்லுங்க, சீட்டு மேல இடுப்பு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுதுன்னு அவங்க சொன்னா கொஞ்சம் இறக்கணும்.

இதையெல்லாம் ஒரே நாள்ல பண்ணாதீங்க. நீங்க பண்ண தப்பே அதுதான்னு நெனைக்கறேன், அடில இருந்தத ஒரேயடியா மேல தூக்கிட்டீங்க. ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர், ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க, பழகுனப்புறம் அடுத்த சென்டிமீட்டர். சீட்டுக் கம்பில டேப் ஒட்டியோ மார்க்கர்ல கோடு போட்டோ வச்சுக்கிட்டா எங்க இருந்தோம்னு மறக்காது. அந்தக் கம்பிலயே கம்பெனிக்காரன் ஒரு கோடு போட்டிருப்பான், அது வெளிய தெரியற அளவுக்கு மட்டும் தூக்கிடாதீங்க, உள்ள போதுமான புடிமானம் இல்லாம கம்பியே வளைஞ்சுரும், ஒடஞ்சும் போகும். முடிச்சதும் சீட்ட ரெண்டு கையாலயும் புடிச்சு முறுக்கிப் பாருங்க, திரும்புச்சுன்னா இன்னும் இறுக்கணும்.

இப்ப அந்த பயம். குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டவங்கள நெனைச்சுப் பாருங்க, நானும் அதுல ஒருத்தன். சீட்டு எங்க தலைக்கு மேல எங்கயோ இருக்கும், அதுல உக்காரணும்னே தோணாது, ஆனா ஓட்டுனோம் நிறுத்துனோம், ஏன்னா நாங்க எப்பவும் பெடல் மேலதான் நின்னோம். சீட்டு ஓட்டறப்போ உக்கார்றதுக்கு, நிறுத்தறப்போ எறங்கிடணும், இத யாரும் சொல்லித் தர்றதில்ல.

நிறுத்தறப்போ ரெண்டு பிரேக்கையும் மெதுவா புடிங்க, வேகம் கொறையறப்பவே ஒரு பெடல அடில கொண்டு வந்து அதுமேல எழுந்து நில்லுங்க, பின்பக்கத்த சீட்டுலேர்ந்து முன்னாடி எறக்குங்க, சைக்கிள் நிக்கற நேரத்துல இன்னொரு கால் தரைல இருக்கும். சைக்கிளும் அந்தக் கால் பக்கமா கொஞ்சம் சாயட்டும், சாயறதுதான் சரி. கிளம்பறப்போ இதையே திருப்பிப் போடுங்க: சீட்டுக்கு முன்னாடி, ரெண்டு காலுக்கு நடுவுல சைக்கிள் இருக்கற மாதிரி நின்னு, ஒரு பெடல மேல தூக்கி, கொஞ்சம் முன்னாடி சாஞ்சாப்ல வச்சு, அதுமேல ஏறி மிதிச்சா சைக்கிளும் நகரும், நீங்களும் ஒசந்துடுவீங்க, அப்படியே சீட்டுல உக்காந்துக்கலாம். ஆள் இல்லாத எடமா பாத்து, சீட்டு இப்ப இருக்கற தாழ்வுலயே இத இருபது முப்பது தடவை பண்ணிப் பாருங்க, அப்புறமா ஏத்துங்க. கால் எட்டுதாங்கற கேள்வியே மறந்து போயிரும்.

கேள்வி: கால் அளவ 0.883 ஆல பெருக்குனா சீட்டு உயரம் வந்துருமாமே, நெஜமா?

பதில்: வரும், ஆனா அது ஆரம்பப் புள்ளிதான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்த 1986, 1989, 1990னு மூணு தடவை ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேரச் சொல்லிப் பரவுன கணக்கு அது. செருப்பில்லாம செவத்தோட ஒட்டி நின்னு, கால் இடுக்குல ஒரு புஸ்தகத்த மேல அழுத்திப் புடிச்சு, தரைலேர்ந்து அது வரைக்கும் அளக்கணும். 78 சென்டிமீட்டர் வந்தா, ரெண்டு பெடல் தண்டும் மாட்டியிருக்கற அச்சோட நடுவுலேர்ந்து சீட்டு மேல்மட்டம் வரைக்கும் கிட்டத்தட்ட 69. ஷூ அடி எவ்ளோ தடிமன், பெடல் தண்டு எவ்ளோ நீளம்னு எதுவும் அந்தக் கணக்குக்குத் தெரியாது. நான் குதிகால் முறைலதான் வைப்பேன், டேப் தேடற வேலை மிச்சம்.

கேள்வி: 61 வயசு, ரிட்டயர் ஆனப்புறம் மறுபடி சைக்கிள் எடுத்திருக்கேன். நேரா போறப்போ ஒண்ணுமில்ல, பின்னாடி வண்டி வருதான்னு திரும்பிப் பாத்தா போதும், சைக்கிளும் கூடவே திரும்பிடுது. என்ன பண்றது தம்பி?

பதில்: தலையோட சேந்து தோளும் திரும்புதுங்கய்யா, தோள் திரும்புனா நீட்டி வெறைச்ச கை ஹேண்டில்பாரையும் இழுத்துட்டுப் போயிரும். அதனால மொதல்ல முழங்கைய தளர விடுங்க. அப்புறம் மோவாய தோள்ல தொடற மாதிரி தலைய மட்டும் திருப்புங்க. அதுவும் வரலன்னா எந்தப் பக்கம் பாக்கறீங்களோ அந்தப் பக்கத்துக் கைய எடுத்துத் தொடை மேல வச்சுட்டுத் திரும்புங்க, பல பேருக்கு இதுல சட்டுன்னு வந்துரும், ஆனா ஒத்தக் கைல ஓட்டிப் பழகுனப்புறம். வெறும் மைதானத்துல தரைல ஒரு நேர்கோடு போட்டு அதுமேல ஓட்டுங்க, பின்னாடி பேரனையோ பேத்தியையோ நிக்க வச்சு விரல் காட்டச் சொல்லுங்க, எத்தன விரல்னு நீங்க சரியா சொல்லணும், சக்கரமும் கோட்ட விட்டு வெலகக் கூடாது. பசங்க வேணும்னே முதுகுக்குப் பின்னாடி கைய ஒளிச்சு வச்சுக்குவாங்க, அதையும் கண்டுபிடிச்சுட்டீங்கன்னா ரோட்டுக்குப் போகலாம்.