18 அங்குல வளைவில் தடம் புரளும் எஸ்டி70: அடுத்து எந்த எஞ்சின்?

உங்கள் மாதிரி ரயில் அமைப்பு: 4-க்கு 8 அடி பலகை, எச்ஓ அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு), வளைவுக்கு 18 அங்குல ஆரம். எஸ்டி70 (அமெரிக்க டீசல் எஞ்சின்) வளைவில் மட்டும் தடம் இறங்குகிறது, அடுத்து எதை வாங்கலாம் என்கிறீர்கள். எஞ்சினைப் பிரிக்காதீர்கள், குறை பெரும்பாலும் வளைவில்தான். அதன் ஒவ்வொரு போகியிலும் (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) மூன்று அச்சுகள். நடு அச்சு பக்கவாட்டில் நகர இடம் குறைவு என்பதால், வளைவு இறுகும்போது சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். அதற்கு 22 அங்குல ஆரமாவது வேண்டும், 24 நல்லது. உங்கள் பலகையில் 22 வைத்தால் ஓரத்தில் 2 அங்குலம்கூட மிஞ்சாது. பலகை ஓரத்தில் தடுப்புக் கட்டை அவசியம்.

ஆகவே அடுத்தது நான்கு அச்சு ஜிபி38-2. அசல் 59 அடி, எச்ஓவில் சுமார் 8 அங்குலம். 18-இல் தாராளமாகத் திரும்பும். யார்டு வேலைக்கு (பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பது) மட்டும் என்றால் இன்னும் குட்டையான எஸ்டபிள்யூ1500 போதும்.

வாங்கும்போது எல்லாச் சக்கரமும் இழுக்கிறதா, எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இல்லாவிட்டால் பாயின்டுகளில் (தண்டவாளம் பிரியும் இடங்கள்) நின்றுவிடும். (விலை மலிவின் ரகசியம் பல நேரம் இதுதான்.) டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறை) எண்ணம் இருந்தால், அதன் டிகோடரைச் செருக 8 அல்லது 21 முனை சாக்கெட் உள்ளதையே எடுங்கள். இரண்டு எஞ்சினைச் சேர்த்து ஓட்டுவதானால் டிகோடரின் வேக அமைப்பு எண்களான சிவி 2, 5, 6 மாற்றி வேகத்தைச் சமன் செய்யாவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

இடது வளைவை ஒட்டியே வலது வளைவு இருந்தால், நடுவில் 9 அங்குல நேர்த் துண்டு ஒன்று போடுங்கள்.