“இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்?” – விஷச் சிகிச்சை பற்றி வாசகர் கேள்விகள்

விஷம் உள்ளே போனவர்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களை அதிகம் பயமுறுத்துபவர் துடித்துக்கொண்டு வருகிறவர் இல்லை. அவருக்கு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். நடந்து வந்து, “எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்” என்று சொல்பவர்தான் கவலை தருகிறார்.

பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை என் தம்பி குடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் உளற ஆரம்பித்தான், கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். மருந்து அதிகமாகிவிட்டதா டாக்டர்? (பெரம்பலூர்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தாக இருக்க வேண்டும். நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உடனுக்குடன் உடைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் உடம்பில் திறக்க முடிந்த குழாயெல்லாம் திறந்துகொள்ளும். எச்சில் வழியும், சட்டை நனைய வியர்க்கும், கண்ணீர் கொட்டும், பேதியாகும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். இதெல்லாம் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உயிரை எடுப்பது வேறு. நுரையீரலுக்குள்ளும் இதே மாதிரி நீர் சுரந்து நிறைகிறது, மூச்சுத் தசைகளும் தளர்கின்றன.

இதற்கான மருந்து அட்ரோபின். ஒரு ஆம்பியூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், 0.6 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு எடுத்த எடுப்பில் 3 முதல் 5 ஆம்பியூல் போடுவோம். ஐந்து நிமிடம் கழித்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்போம். களகளவென்ற சத்தம் குறையவில்லை என்றால் முன்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு போடுவோம். இன்னும் ஐந்து நிமிடம் போனதும் மறுபடி பார்ப்போம். கட்டில் ஓரத்து டிரேயில் உடைந்த ஆம்பியூல்கள் குவிவதைப் பார்த்து உறவினர்கள் மிரள்வது புரிகிறது. ஆனால் போதும் என்பதை நாங்கள் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. நெஞ்சுச் சத்தம் தெளிய வேண்டும், நாடித்துடிப்பு 80-க்கு மேல் வர வேண்டும், ரத்த அழுத்தம் தேற வேண்டும், அக்குள் காய வேண்டும். ஆமாம், அக்குளில் விரல் வைத்துப் பார்ப்போம். பல நேரம் மானிட்டரைவிட அந்த விரலை நம்பலாம்.

அளவு கொஞ்சம் கூடினால், நீங்கள் பார்த்தது நடக்கும். நோயாளி காற்றில் எதையோ பிடிப்பார், போர்வையைப் பிய்ப்பார், ஆள் அடையாளம் தெரியாது, உடம்பு கொதிக்கும், வயிறு உப்பும், சிறுநீர் அடைக்கும். அப்போது அட்ரோபினைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் குறைத்த அளவில் தொடங்குவார்கள். ஆக, உங்கள் சந்தேகத்தில் பாதி சரிதான். அதற்காகச் சிகிச்சை தப்பென்று ஆகாது. குறைவாகப் போட்டு நுரையீரல் நிறைவதைவிட, ஒரு நாள் உளறுவது மேல். முடங்கிய நொதியை மீட்கப் போடும் பாம் (பிராலிடாக்சிம்) என்கிற இன்னொரு ஊசியின் பலனைப் பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. அட்ரோபின் விஷயத்தில் அப்படி யாரும் வாதாடுவதில்லை.

ஒன்று மட்டும் கவனம். உளறல் தெளிந்ததும் “சரியாகிவிட்டான், கூட்டிப் போகிறோம்” என்று கிளம்பாதீர்கள். ஒரு நாளிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்குக் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரென்று தளர்ந்துபோகும். நர்ஸ் அடிக்கடி வந்து “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க” என்று சொல்வது இதற்காகத்தான். நேற்று தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் திணறினால் வெண்டிலேட்டரைத் தயார் செய்ய வேண்டும் என்று பொருள்.

மகள் எலி பேஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டாள். அன்று வாந்தி. மறுநாள் இட்லி சாப்பிட்டாள், சிரித்துப் பேசினாள். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மறுபடி காட்ட வேண்டுமா? (திருவண்ணாமலை)

இன்றைக்கே காட்டுங்கள் அம்மா. இரவானாலும் பரவாயில்லை.

எலி மருந்து என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் பேஸ்ட் வேறு, கேக் வேறு, பொடி வேறு. பேஸ்ட்டில் பெரும்பாலும் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். முதல் நாள் வயிற்றைப் புரட்டும். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் எந்தத் தொந்தரவும் தெரியாது. அந்த அமைதியில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகி, பேச்சு குழறி, பகலில் தூங்கிவழியும்போது திரும்பி வருகிறார்கள். அதற்குள் பொன்னான நேரம் போய்விட்டிருக்கும். தினமும் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எல்லாம் பார்க்க வேண்டும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. கல்லீரலைக் காக்க அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்தை ஏற்றுவோம். தேவைப்பட்டால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம். அனுப்புவதென்றால் நினைவு தப்புவதற்கு முன்பே அனுப்ப வேண்டும்.

கேக் வடிவில் வருவது ரத்தம் உறைவதைக் கெடுக்கும் மருந்து. அதிலும் உடனே ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்து ஐ.என்.ஆர். ஏறும். அதற்கு வைட்டமின் கே இருக்கிறது, சிலர் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது இருட்டில் நடப்பதுதான். அதனால் டியூபோ அட்டையோ கிடைத்தால் கையோடு எடுத்து வாருங்கள். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டுவிட்டது. ஆனால் பழைய டியூப் வீட்டுப் பரணில் கிடந்தால் தடை என்ன செய்யும்? இன்றே தேடி அப்புறப்படுத்துங்கள்.

மகளைத் திட்ட வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம். உடம்பு தேறிய பிறகு மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 104, 14416 இரண்டு எண்களிலும் கூப்பிடலாம்.

காய்ச்சல் மாத்திரைதானே, அதிகம் போட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதானே? (சென்னை)

இல்லை. பாராசிட்டமால் தூங்கவும் வைக்காது. முதல் நாள் லேசான குமட்டல்தான் இருக்கும், அதுகூட இல்லாமலும் போகலாம். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் தெரியும். ஆனால் இதற்கு முறிவு மருந்து உண்டு, மேலே சொன்ன அசிட்டைல்சிஸ்டைன்தான் அது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரல் தப்பிக்க மிக நல்ல வாய்ப்பு உண்டு. வலி வரட்டும் என்று காத்திருக்க இது நோயல்ல.

விஷம் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள் எங்கள் ஊரில். எது நல்லது? (அறந்தாங்கி)

எதுவும் வேண்டாம். உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரவைக்கும். சாணித் தண்ணீரையும் ஊற்றிவிட்டுத்தான் சிலர் வருகிறார்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். பூச்சிமருந்தோடு சாணியும் அங்கே போனால் நாங்கள் இரண்டு நோயோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆசிட் குடித்தவருக்கு இன்னும் மோசம், போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 108-ஐக் கூப்பிடுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பூச்சிமருந்து சிந்திய சட்டை, புடவையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் லேபிளைப் போட்டோ எடுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்பது பாட்டில் அளவுக்கே முக்கியம்.

“வயிற்றைக் கழுவவே இல்லையே” என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: குழாய் விட்டுக் கழுவுவதால் ஏதாவது பலன் இருந்தால் அது முதல் ஒரு மணி நேரத்தில்தான். ஆசிட், மண்ணெண்ணெய் கேஸில் கழுவவே கூடாது. கழுவாமல் விடுவதும் யோசித்து எடுத்த முடிவுதான்.

இரண்டு வயதுப் பையன் ஒரு மடக்கு மண்ணெண்ணெய் குடித்துவிட்டான், இருமிக்கொண்டே இருக்கிறான். (இராமநாதபுரம்)

இருமல் இருந்தால் கொஞ்சம் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். இருமல் இல்லாத குழந்தையைக்கூட ஆறு மணி நேரமாவது வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். இனிமேல் எண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

சாமி மாடத்தில் இருந்த சூடத்தைக் குழந்தை மென்றுவிட்டது. சாமி பொருள்தானே? (மன்னார்குடி)

சூடம் சின்னக் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பை வரவைக்கக்கூடும். இதற்கும் ஆஸ்பத்திரிதான். மாடத்தைக் கொஞ்சம் உயரத்துக்கு மாற்றுங்கள்.

தரையில் படுத்திருந்த அப்பாவுக்கு விடியற்காலை வயிற்றுவலி. கண் இமையைத் திறக்க முடியவில்லை. உடம்பில் கடித்த தடம் எதுவும் இல்லை. பக்கவாதமா? (தருமபுரி)

கட்டுவிரியனை முதலில் சந்தேகப்பட வேண்டும். அது இரவில் வரும். கடித்தால் வலிக்காது, வீங்காது, பல்தடமும் பெரும்பாலும் கண்ணில் படாது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், எச்சில் விழுங்க முடியாமை, பிறகு மூச்சுத் திணறல் என்று போகும். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு உதவும். கட்டுவிரியன் கடித்தவரின் ரத்தம் அழகாக உறையும், அதை நம்பி அனுப்பிவிடக் கூடாது.

நம்மிடம் இருக்கும் விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துத் தயாரானது. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவர வேண்டாம். அந்த ஊசிக்குத் தேவையான விஷத்தைச் சேகரித்துத் தருபவர்கள் 1978-ல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஊசி ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. ரொம்ப நாளாக வேண்டியிருந்த அறிவிப்பு.

போலீஸ் கேஸ் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கவே மறுத்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் பயந்து “ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல” என்று சொல்லிவிட்டோம். தப்பா? (கரூர்)

மறுத்தது தப்பு. முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட வேலை பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் கேஸ் என்று சொல்லப்படும் எம்.எல்.சி. என்பது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் 115-வது பிரிவு சொல்கிறது.

நீங்கள் பொய் சொன்னதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை, அந்தப் பயம் தெரிந்ததுதான். ஆனால் ஓட்டல் சாப்பாடு என்று சொல்லிக் கொண்டுவந்தால் குளுக்கோஸும் வாந்திக்கு ஒரு ஊசியும்தான் கிடைக்கும். அட்ரோபின் கிடைக்காது. வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால், டியூட்டி டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு என்ன, எப்போது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.