ஆண்டுக்கு 4 லட்சமா, 80,000 ரூபாயா? எழுத்தாளராக விரும்பும் மகளுக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி: நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம். என் கணவர் விசைப்படகில் பங்குக்குத் தொழில் செய்கிறார். நான் கடற்பாசி எடுக்கச் செல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து பிளஸ் டூ முடித்திருக்கும் மகள், எழுத்தாளராக வேண்டும் என்கிறாள். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் படைப்பெழுத்துக்கென்றே மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய். மதுரையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.ஏ. தமிழுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே விடுதியோடு ஆண்டுக்கு 80,000 ரூபாய். என்னிடமுள்ள 12 பவுன் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கல்விக்கடன் வாங்கி, அவள் ஆசைப்பட்ட இடத்திலேயே சேர்க்கலாமா? அவள் எழுதிய ஒரு பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கணக்கைத் தொடங்குவதற்கு முன் மகள் எழுதிய பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். பாசி எடுக்கப் போகும் அதிகாலையில் நீங்கள் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் கட்டுவதையும், கடைசி விரலின் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குவதையும் அவள் எழுதியிருக்கிறாள். பார்த்ததைப் பார்த்தபடியே எழுத அவளுக்கு வருகிறது. ஆகவே அவள் எழுத வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த எழுத்துக்கு எவ்வளவு கடனைச் சுமத்தலாம் என்பதை மட்டுமே பார்க்கிறேன். மதுரைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்வதே என் ஆலோசனை.

தனியார் பல்கலைக்கழகத்தின் 12 லட்சத்தையும் ஆண்டுக்கு 4 லட்சமாகக் கடன் வாங்குவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த நான்கு ஆண்டுகளில் தனிவட்டி மட்டும் 3.6 லட்சம் சேர்ந்து, கடன் 15.6 லட்சம் ஆகிவிடும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 20,600 ரூபாயும், பதினைந்து ஆண்டுகளில் அடைக்க ஏறத்தாழ 16,800 ரூபாயும் கட்ட வேண்டும். இலக்கியம் படித்தவர் பதிப்பகத்திலோ பத்திரிகையிலோ பள்ளியிலோ முதல் வேலைக்குச் சேரும்போது சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்தால்கூட, அது முழுவதையும் கொடுத்தும் தவணை தீராது. எழுதுவதற்கு மாலை நேரமும் பதற்றமில்லாத மனமும் வேண்டும். இந்தத் தவணை அவ்விரண்டையும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதே என் முதல் கவலை.

நகையை அடகு வைப்பது இதற்குச் சற்றும் பொருந்தாது. நகைக்கடனைப் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும், தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். மூன்றாண்டுப் படிப்புக்கு ஓராண்டுக் கடனை நம்பக் கூடாது. கல்விக்கடனிலோ 4 லட்சம் வரை ஈடும் கேட்பதில்லை, கையிலிருந்து பங்கும் கேட்பதில்லை. பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் வீட்டுப் பட்டா போன்ற ஈடு கேட்பார்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டி முழுவதையும் அரசே கட்டும் என்று யாரேனும் சொன்னால், அந்தச் சலுகை தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு உரியது, பி.ஏ.வுக்குக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள தரமான கல்வி நிறுவனங்களில் சேருவோருக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் பயனாளிகள் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், அது கிடைத்துவிடும் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னையில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது புரியாது. முதல் பருவக் கட்டணம் கேட்கும் மே, ஜூன் மாதங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தோடு மோதுகின்றன. இரண்டாம் பருவக் கட்டணமோ ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் நடுவில் வரும். வாரம் மூன்று நாள் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய், டீசல், ஐஸ் செலவு கழித்து மிஞ்சுவதைப் பங்கு பிரிக்கும் தொழிலில், கையில் காசு இல்லாத இரண்டு நேரங்களிலும் கல்லூரி கைநீட்டும். கந்துவட்டிக்காரரிடம் குடும்பங்கள் போய் நிற்பது இப்படிப்பட்ட நாட்களில்தான். 80,000 ரூபாய்க் கட்டணத்துக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால், தடை நீங்கி மீன்பாடு நன்றாக இருக்கும் ஜூன் பிற்பகுதியிலிருந்தே வங்கியில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, பங்கு வந்த வாரமே அதில் போட்டுவிடுங்கள்.

மதுரையில் மூன்றாண்டுக்கு மொத்தம் 2.4 லட்சம் ஆகும். ஆண்டுக்கு 50,000 வீதம் 1.5 லட்சத்தை மட்டும் கல்விக்கடனாக வாங்கினால், தவணை தொடங்கும்போது அது 1.95 லட்சமாக நிற்கும்; ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 4,150 ரூபாய். இது தாங்கக்கூடியது. மீதி 90,000 ரூபாயைச் சேமிப்பிலிருந்தும் உதவித்தொகையிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய கணக்கிலேயே வரும். கணவர் மீனவர் நலவாரிய உறுப்பினராக இருந்தால் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்.

சேர்வதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். ஒரே கல்லூரியில், ஒரே பி.ஏ. தமிழுக்கே, உதவிபெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு இருக்கக்கூடும். சுயநிதிப் பிரிவில் கட்டணம் பல மடங்கு வரும். சேர்க்கை ஆணையில் எந்தப் பிரிவு என்று எழுத்தில் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

மகளின் ஏமாற்றத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. எழுதியதை வரி வரியாக வாசித்துத் திருத்தும் ஆசிரியரும், எழுதுவதையே பேச்சாகக் கொண்ட தோழிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பார்கள் என்று அவள் நம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அங்கே வருமானத்தின் அடிப்படையிலான உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். கட்டணத்தோடு விடுதி, சாப்பாட்டுச் செலவும் பெரும்பகுதி குறைந்து, உங்கள் மொத்தக் கடன் 2 லட்சத்துக்குள் நிற்குமானால், தயங்காமல் அனுப்புங்கள். என் பதிலும் அப்போது மாறிவிடும். முதலாண்டுக்கு மட்டும் சலுகை என்றால் ஏற்காதீர்கள். மூன்றாண்டுக்கும் எழுத்தில் தர வேண்டும்.

எந்தக் கல்லூரியானாலும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் கணவரின் வங்கிக் கணக்கில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டையும், அவர் 50 வயதைத் தாண்டாதவரானால் ஆயுள் காப்பீட்டையும் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு முறையே 20 ரூபாயும் 436 ரூபாயும்தான். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் பாதுகாப்பு. கடலை நம்பிய வீட்டில் கல்விக்கடனுக்கு முன்னால் இது இருந்தாக வேண்டும்.

படகுக்கு டோக்கன் இல்லாத ஒரு நாளில் மூவரும் மதுரை ரயிலில் ஏறிப் போய் அந்தக் கல்லூரியைப் பார்த்து வாருங்கள். பாடத்திட்டத்தில் படைப்பிலக்கியத் தாள் இருக்கிறதா, நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும், ஆண்டு மலருக்கு மாணவிகள் எழுதுகிறார்களா என்று மகளே கேட்கட்டும். எனக்கு அனுப்பிய பக்கத்தைத் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பேனாவை எடுத்து ஒரு வரியின் கீழே கோடிட்டு, "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று அவளிடம் கேட்டால், அன்றைக்கே கட்டணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்.