மாற்றி வைக்கும் நகையும் மார்கழிக் கச்சேரியும்

கேள்வி: அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். வயது 63. ஊர் கும்பகோணம். கம்யூடேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்பே மொத்தமாக வாங்கியது) பிடித்தம் போக ஓய்வூதியம் 44,000 ரூபாய் கைக்கு வருகிறது. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம், வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டில் 10 லட்சம், சேமிப்புக் கணக்கில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. சொந்த வீடு. மகள் சென்னையில், பேரன் பேத்தியோடு.

என் மனைவி சிறு வயதில் வீணை கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனதை இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறாள். மாதம் 2,500 சம்பளம். நானும் மிருதங்கம் கற்கிறேன், அதற்கு 1,500. மார்கழியில் மகள் வீட்டில் தங்கிக் கச்சேரி கேட்டு வருவோம். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதும் சேர்த்து 18,000 ஆகிறது. வீணையில் மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டுக் கம்பிகள் நகர்ந்துவிட்டன. தஞ்சாவூரில் சரிசெய்ய 6,000 கேட்கிறார்கள். வீட்டுச் செலவு 42,000.

தம்பி பந்தல், சீரியல் லைட் காண்ட்ராக்ட் எடுக்கிறான். அவனுக்காக 2021 ஆவணியில் மனைவியின் நகை 30 சவரனை வைத்து 4 லட்சம் எடுத்தேன். வருஷா வருஷம் பழைய கடனை முடித்து, அதே நகையை மறுபடி கூடுதல் தொகைக்கு மாற்றி வைக்கிறேன். இதுவரை அவனுக்குக் கொடுத்தது 9 லட்சம். வட்டியை நகைக்கடனிலேயே சரிக்கட்டிவிடுவதால் கையிலிருந்து பணம் போவதில்லை. இப்போது கடன் 12 லட்சம். மனைவிக்கு 4 லட்சம் என்றுதான் தெரியும். வரும் ஆவணியில் மாற்றி வைக்கும்போது இன்னும் 3 லட்சம் வேண்டும் என்கிறான்.

பாட்டுச் செலவு அதிகமோ என்று பயமாக இருக்கிறது. வீணை வகுப்பையும் சென்னைப் பயணத்தையும் நிறுத்திவிடலாமா? வங்கியில் ஒருவர், 10 லட்சத்தை உத்தரவாத வருமான இன்சூரன்ஸ் திட்டத்தில் போடச் சொல்கிறார். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் ஐந்து ஆண்டு கட்டினால், ஏழாம் ஆண்டு முடிவிலிருந்து 15 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1.2 லட்சம் வருமாம். போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆண்டுக்கு 48,000. சென்னைப் பயணம் 18,000. வீணை ரிப்பேர் 6,000. கூட்டினால் 72,000, அதாவது மாதம் 6,000. உங்கள் மாத வருமானம் ஓய்வூதியமும் தபால் நிலைய வட்டியும் சேர்த்து (20 லட்சத்துக்கு 8.2 சதவீதம், மாதக் கணக்கில் 13,600 சொச்சம்) 57,600. வீட்டுக்கு 42,000, பாட்டுக்கு 6,000 போக 9,600 மிச்சம். இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன நகைக்கடனுக்கு வருவோம். 'கையிலிருந்து பணம் போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சார், வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த இடத்திலிருந்து இந்த வாக்கியம் வரலாமா? தம்பிக்குக் கொடுத்தது 9 லட்சம். கடன் நிற்பது 12 லட்சம். நடுவில் இருக்கும் 3 லட்சம் வட்டியும், மாற்றி வைக்கிற அன்றைக்கு வெளியில் வாங்கும் ஒரு நாள் கைமாற்றுக்குக் கொடுத்த கமிஷனும்தான். அதைக் கட்டாமல் அசலோடு சேர்த்துவிட்டு, அதற்கும் சேர்த்து வட்டி ஏற விட்டிருக்கிறீர்கள்.

இது இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் தங்க விலை. 2021-ல் 22 காரட் தங்கம் கிராம் நாலரை ஆயிரம் ரூபாய் வாக்கில் இருந்தது. இன்று அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே 30 சவரனுக்கு வங்கி வருஷா வருஷம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. நீங்களும் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். நகையின் மதிப்பு ஏறியதில் உங்கள் மனைவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தில் ஒரு பெரிய பகுதி பந்தல் கம்பாகவும் சீரியல் லைட்டாகவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. விலை இறங்கினால் என்ன ஆகும்? மீதிக்குப் பணம் கட்டு, இல்லையென்றால் ஏலம் என்று நோட்டீஸ் வரும். அது உங்கள் பெயருக்குத்தான் வரும், தம்பி பெயருக்கு அல்ல.

வட்டி விகிதத்தை நீங்கள் சொல்லவில்லை. 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,14,000. நிறுத்தலாமா என்று நீங்கள் யோசிக்கும் பாட்டுச் செலவு முழுவதும் 72,000தான். இன்னும் 3 லட்சம் எடுத்தால் வட்டி 1.4 லட்சத்தைத் தாண்டும். தபால் நிலையத்தில் கிடைக்கும் ஆண்டு வட்டி 1,64,000-ல் பெரும்பகுதிக்குச் சமம் அது. போதாததற்கு, ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைப்படி, அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். எனவே வரும் ஆவணியில் கையிலிருந்து பணம் போகத்தான் போகிறது.

முதலில் செய்ய வேண்டியது வங்கியில் அல்ல, வீட்டில். 12 லட்சம் என்பதை மனைவியிடம் சொல்லிவிடுங்கள். நகை அவருடையது. இத்தனை வருடம் கழித்து எடுத்த வீணையும் அவருடையது. நகையையும் வைத்துவிட்டு, அந்தக் கடனின் பாரத்துக்காக வகுப்பையும் விடு என்று அவரிடம் கேட்பது எந்தக் கணக்கிலும் சேராது. அவர் கோபப்படுவார், நியாயம்தான். ஆனால் தம்பியிடம் 'முடியாது' என்று சொல்லும்போது அண்ணியும் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு அது சுலபமாக இருக்கும்.

அப்புறம் அந்த இன்சூரன்ஸ் திட்டம். 10 லட்சம் போட்டால் 18 லட்சம் வரும் என்று அழகாகத்தான் சொல்லியிருப்பார்கள். காலத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது ஆண்டுக்கு சுமார் 5.2 சதவீதம். முதல் தவணை உங்கள் 70-வது வயதில் வரும், கடைசித் தவணை 84-ல். 9.5 சதவீதத்துக்குக் கடனை வைத்துக்கொண்டு 5.2 சதவீதத்துக்கு முதலீடு செய்யச் சொல்கிறவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். வரி மிச்சம் என்றும் சொல்லியிருப்பார். உங்கள் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்தைத் தொடவில்லை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை உங்களைப் போன்றவர்களுக்கு வரியே இல்லாதபோது எதை மிச்சம் பிடிப்பது?

அந்த 10 லட்சத்துக்கு இதைவிட நல்ல இடம் உங்கள் நகைக்கடன்தான். டெபாசிட்டுக்கு 7 சதவீதம் கிடைக்கிறது என்றால் ஆண்டுக்கு 70,000 வரும். அதே 10 லட்சம் கடனுக்கு நீங்கள் கொடுப்பது 95,000. வருடம் 25,000 வீண். உங்கள் மார்கழிப் பயணத்தைவிடப் பெரிய தொகை. டெபாசிட்டை முன்கூட்டியே முறித்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பரவாயில்லை. ஆவணிவரை காத்திருக்காமல் இப்போதே கடனை முடிக்கப் பாருங்கள். வட்டியோடு 12.6 லட்சம் அளவுக்கு வரும். 10 லட்சம் போக மீதி 2.6 லட்சத்துக்கு ஐந்தாறு சவரனை மட்டும் திரும்ப வையுங்கள், அதுவும் மாதத் தவணையில் கட்டும் நகைக்கடனாக. உங்கள் மிச்சமான 9,600-ஐ மாதாமாதம் கட்டினால் இரண்டரை ஆண்டில் தீர்ந்துவிடும். அகவிலைப்படி உயரும்போதெல்லாம் அதையும் இதிலேயே போடுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் கை வைக்க வேண்டாம். சேமிப்புக் கணக்கில் உள்ள ஒன்றரை லட்சமும் அப்படியே இருக்கட்டும். நாளைக்கே ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால், லாக்கரில் இருக்கும் நகை அப்போது கை கொடுக்கும்.

மீட்டு வந்த நகையை மனைவி பெயரில் உள்ள லாக்கரில் வைத்துச் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். தம்பி கேட்டால் 'என்னிடம் இல்லை' என்பது உண்மையாகவே இருக்கும்.

தம்பியைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 'தை பிறந்தால் தருகிறேன்' என்று ஐந்து வருடமாகச் சொல்லியிருப்பார். பந்தல் தொழிலில் முகூர்த்த மாதங்களில் பணம் புரளும், ஆடியிலும் மார்கழியிலும் முடங்கும், அது எனக்கும் தெரியும். அதனால் மாதத் தவணை கேட்காதீர்கள். முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் மட்டும் 25,000 கேளுங்கள். 9 லட்சத்துக்கும் இப்போதே ஒரு புரோநோட்டு எழுதி வாங்குங்கள். கடனுக்குச் சட்டக் காலவரம்பு மூன்று ஆண்டு. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 2021-ல் கொடுத்த 4 லட்சத்தை நீங்கள் சட்டப்படி கேட்கவே முடியாது. தருவதாக அவர் இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு மீண்டும் உயிர் வரும். அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று அவர் முகம் சுளித்தால், திருப்பித் தரும் எண்ணம் எவ்வளவு இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். வருகிற பணம் எதுவானாலும் அந்த ஐந்தாறு சவரனை மீட்கத்தான் போக வேண்டும். வராது என்றே வைத்துத்தான் மேலே கணக்குப் போட்டிருக்கிறேன்.

புதிதாகக் கேட்கும் 3 லட்சத்துக்குப் பதில்: இல்லை. நகையில் இல்லை என்றதும் வேறு வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டு வருவார். அதுவும் இல்லை. அவர் கட்டத் தவறினால் வங்கி நேராக உங்களிடம் வரலாம், உங்களுக்குத்தான் மாதாமாதம் தவறாமல் வருமானம் வருகிறது.

வீணையை இந்த மாதமே தஞ்சாவூருக்கு எடுத்துப் போங்கள். மெட்டு நகர்ந்த வீணையில் சுருதி சேராமல் வாசித்துக்கொண்டிருந்தால் மாதம் 2,500 கொடுப்பதுதான் வீண். சென்னைக்குப் போகும் 18,000-ஐ அக்டோபர் முதல் வாரம் வரும் 41,000 ரூபாய் காலாண்டு வட்டியில் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. நாளைய பெரிய வித்வான்களை அங்கேதான் கேட்கலாம். மாலைக் கச்சேரிக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் டிக்கெட் வாங்குங்கள். தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரம். பஞ்சரத்ன கீர்த்தனை கேட்கக் காசும் வேண்டாம்.

ஓய்வு பெற்ற கையோடு 2023 ஜூனில் போட்டிருந்தால், 2028 ஜூனில் தபால் நிலையத் திட்டம் முதிர்வடையும். அதை மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்புக்கு அன்றைய வட்டி விகிதம்தான் கிடைக்கும். அந்தச் சமயத்தில் 20 லட்சம் கையில் வருகிறது என்பது தம்பிக்கும் வங்கிக்காரருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை.