கட்டுவதற்கு முன் படத்தைப் பாருங்கள்: போக்குவரத்து அபராதம் பற்றிய கேள்வி-பதில்

வாங்கல், விற்றல், கட்டணம், ஏமாற்றம் என்று பலவற்றைப் பற்றியும் வாசகர்கள் எழுதுகிறார்கள். இம்முறை போக்குவரத்து அபராதம் குறித்த கடிதங்களே மிகுதியாக வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனபோது, இரண்டு சலான்கள் நிலுவையில் இருப்பதாக முகவர் சொன்னார். எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. அவற்றில் ஒன்று கோர்ட்டுக்குப் போய்விட்டதாம். எங்கே பார்ப்பது, எங்கே கட்டுவது? அதுவரை இன்சூரன்ஸ் எடுக்க முடியாதா?
*வாசகி, பெரம்பூர்*

பதில்: முதலில் இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். நிலுவையில் உள்ள அபராதம் அதற்குத் தடையில்லை. காப்பீடு இல்லாமல் வண்டியை எடுத்தால் அதற்கென்றே முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம் உண்டு. அதைவிட முக்கியமாக, அந்த இடைவெளியில் ஒரு விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

குறுஞ்செய்தி வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஆர்.சி. புத்தகத்தோடு இணைந்திருக்கும் கைப்பேசி எண் பழையதாக இருக்கும். வண்டியை வாங்கித் தந்த கடைக்காரரின் எண் அதில் பதிவாகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் அந்த எண்ணை இன்றே மாற்றிவிடுங்கள். பிறகு அதே அமைப்பின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணையும், சேஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கொடுத்தால், எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பிரிவின்கீழ் சலான் போடப்பட்டது என்பது தெரியும். கேமரா அல்லது கைப்பேசி வழியாகப் பதிவான சலான் என்றால் படமும் இருக்கும். படத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்கிறேன். கட்டிய பிறகு "அது என் வண்டியே இல்லை" என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

உங்கள் இரண்டு சலான்களும் இரண்டு வெவ்வேறு படிகளில் நிற்கின்றன. ஒன்று இன்னும் காவல்துறையிடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி, வழக்காக்காமல் முடித்துக்கொள்ள அதற்கு இணக்கக் கட்டணம் செலுத்தலாம். தொகையை 2022 அக்டோபரில் தமிழக அரசு வெளியிட்ட அரசாணை நிர்ணயித்திருக்கிறது. தலைக்கவசம் அணியாததற்கு 1,000 ரூபாய், பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் அதே தொகை. இ-சலான் பக்கத்திலேயே கட்டலாம், அல்லது போக்குவரத்துக் காவலரிடம் உள்ள கருவியில் கார்டைத் தேய்த்துக் கட்டலாம். சென்னையில் 2018 முதலே அபராதம் ரொக்கமில்லா முறையில்தான் வசூலிக்கப்படுகிறது. ஆகவே சாலையோரத்தில் யார் ரொக்கம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மற்றது நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டுவிட்டது. அதை இ-சலான் பக்கத்தில் கட்ட முயல வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு நடத்தும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்திற்குச் சென்று, உங்கள் சலானுக்குரிய பிரிவைத் தேர்ந்தெடுத்து, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்தால் வழக்கு வரும். விதிக்க உத்தேசித்துள்ள தொகையைக் கட்டவும், கட்டாமல் எதிர்த்து வாதிடவும் அங்கே தனித்தனி வழிகள் இருக்கின்றன. கட்டினால் ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில் அது தேவைப்படும்.

கேள்வி: கிண்டியில் மூன்று பேரை ஏற்றிச் சென்றதாக என் பைக்குக்கு சலான் வந்திருக்கிறது. அன்று வண்டி வில்லிவாக்கத்தில் என் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. படத்தில் இருப்பது வேறு நிறம், வேறு மாடல். ஆனால் நம்பர் பிளேட்டில் என் எண். நண்பர்கள் "கட்டிவிட்டு நிம்மதியாக இரு" என்கிறார்கள்.
*வாசகர், வில்லிவாக்கம்*

பதில்: நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த ஒரு வகைச் சலானை மட்டும் எக்காரணத்தாலும் கட்டக் கூடாது. கட்டினால், அந்த நேரத்தில் அந்த வண்டி உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். நாளை அதே போலி எண்ணோடு ஓடும் வண்டி ஒருவரை இடித்துவிட்டுப் போனால், காவல்துறை தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

இதில் இரண்டு விதம் உண்டு. எண்ணைக் கையால் பதியும்போது ஓர் எழுத்தோ இலக்கமோ மாறியிருக்கலாம். எனக்கே ஒருமுறை அப்படி நடந்தது: சலான் என் ஸ்கூட்டர் எண்ணில், படத்தில் இருந்ததோ ஒரு சரக்கு ஆட்டோ. அதன் பிளேட்டில் இருந்த எண்ணுக்கும் என் எண்ணுக்கும் ஒரே ஓர் இலக்கம்தான் வேறுபாடு. எழுத்துப்பூர்வமாக முறையிட்ட பிறகு அது நீக்கப்பட்டது. உங்கள் விஷயம் வேறு. பிளேட்டிலேயே உங்கள் எண் தெளிவாக இருக்கிறது என்றால், யாரோ அதைப் போலியாக எழுதி ஓட்டுகிறார்கள். அது பெரிய குற்றம், நீங்கள் அதில் பாதிக்கப்பட்டவர்.

எனவே இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யுங்கள். சலானில் உள்ள படத்தைப் பதிவிறக்கி, உங்கள் வண்டியை முன், பின், பக்கவாட்டில் படம் எடுத்து, ஆர்.சி. நகலோடு சேர்த்து உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். ரசீது கையில் வராமல் நிலையத்தை விட்டு வராதீர்கள், ஏனென்றால் அந்தத் தேதிக்குப் பிறகு போலி வண்டி எதைச் செய்தாலும் நீங்கள் முன்பே தெரிவித்துவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. கூடவே, இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் அதே ஆவணங்களை இணைத்து முறையிடுங்கள். நேரில் கொடுக்க விரும்பினால், சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்திலோ வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்திலோ மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

வண்டி 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரானது என்றால் இன்னொரு வலுவும் உங்களுக்கு இருக்கிறது. அத்தகைய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதில் அசோகச் சக்கர முத்திரையும், லேசரால் பொறித்த தனி எண்ணும் இருக்கும். போலி பிளேட் பெரும்பாலும் சாதாரண ஸ்டிக்கர் கடையில் செய்ததாகவே இருக்கும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வண்டி வீட்டில் நின்றதற்கு அக்கம்பக்கத்துக் கண்காணிப்புக் கேமரா பதிவு இருந்தால், அது அழிவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று செய்தியும், கூடவே ஒரு ஏபிகே கோப்பும் வந்தது. திறக்கலாமா?
*வாசகர், மாதவரம்*

பதில்: கூடாது. ஏபிகே என்பது கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு, அரசு எந்த சலானையும் அப்படி அனுப்புவதில்லை. உண்மையான தளத்தின் முகவரி "ஜிஓவி.இன்" என்று முடியும். ஏற்கெனவே நிறுவியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, வங்கியிடம் சொல்லிக் கணக்கை முடக்கி, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போனால் முதல் சில மணி நேரத்தில் சொல்வதுதான் அதை மீட்கச் சிறந்த வாய்ப்பு.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பழைய பைக்கை, பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கடையில் கொடுத்தேன். கையெழுத்திட்ட படிவங்களையும் கொடுத்துவிட்டேன். "பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். இப்போது அந்த வண்டிக்கு ஏழு சலான்கள் என் பெயரில் நிற்கின்றன.
*வாசகர், வேளச்சேரி*

பதில்: கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. வண்டியைக் கொடுத்துவிட்டோம், பணம் வாங்கிவிட்டோம், கதை முடிந்தது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள், ஆனால் சட்டம் அப்படி நினைப்பதில்லை. யாருடைய பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவு மாறாத நிலையில் விபத்து இழப்பீட்டுக்கும் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஏழு சலான்களைவிட அந்தப் பொறுப்புதான் உங்களை அச்சுறுத்த வேண்டும்.

சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் விற்றவர், 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டியவர் வாங்கியவர். பழைய வண்டிக் கடைகளுக்கென்று 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகளும் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற கடை என்றால், வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்துவிடலாம், அதன்பின் வண்டிக்கான பொறுப்பு கடைக்காரருடையது. கடைக்காரரிடம் அங்கீகாரச் சான்று உண்டா என்று கேட்பதற்கு நாம் கூச்சப்படக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். விற்பனை ரசீது, பணம் வந்த வங்கிப் பதிவு, கடையோடு நடந்த செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றைத் திரட்டி, வண்டியைக் கைமாற்றிவிட்டதாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் எழுதுங்கள். வண்டியை ஓட்டியவர் யார் என்று கேட்டால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை என்று 133-ஆம் பிரிவு சொல்வதால், காவல்துறைக்கும் கடையின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். கடைக்கு 15 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்புங்கள். அவர்கள் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர வழி இருக்கிறது. பெயர் மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டதைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே நீங்கள் வாதாடலாம். ஆனால் இரண்டாண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் இனியும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பாருங்கள், சில கடைகள் அதற்கே இறங்கி வந்துவிடும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: கடையை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம், போக்குவரத்துக் காவல்துறையை இழுக்க முடியாது. அபராதம் விலைக்கு வாங்கும் சேவை அல்ல.

கேள்வி: அண்ணா நகரில் சிக்னல் சிவப்பாக இருந்தபோது, நின்றிருந்த காவலர் கையைக் காட்டி எங்களைப் போகச் சொன்னார். கேமரா அதைப் பார்க்காமல் எனக்கு 500 ரூபாய் சலான் அனுப்பியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் வெல்ல முடியுமா, போவது பயனுள்ளதா?
*வாசகர், அண்ணா நகர் மேற்கு*

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, மின் சிக்னலின் கட்டளைக்கும், போக்குவரத்தைச் சீர்செய்துகொண்டிருக்கும் காவலரின் கட்டளைக்கும் ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. காவலர் போகச் சொன்னபின் போனவரைச் சிக்னலை மீறியவர் என்று எப்படிச் சொல்வது? ஆனால் காவலர் கைகாட்டியதற்கு ஆதாரம் வேண்டும். உங்களுக்கு முன்னும் பின்னும் எத்தனை வண்டிகள் சென்றன என்பது அந்தக் கேமராப் பதிவிலேயே இருக்கும். முதலில் குறைதீர்ப்புப் பகுதியில், அந்த நிமிடத்தின் முழுப் பதிவையும் பார்க்கக் கேட்டு எழுதுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கேமரா வழிச் சலானின் அறிவிப்பை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும், மின்னணுப் பதிவைச் சலான் முடியும்வரை பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அங்கே தீராவிட்டால், வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு வந்ததும் எதிர்த்து வாதிடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு, சம்பவம் நடந்த இடத்திற்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும். நகரத்துக்குள் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் வளாகங்கள்தான் பெரும்பாலும். ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரக எல்லையில் போட்ட சலானுக்கு நீதிமன்றம் அந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதால், அலைவதற்குமுன் சலானில் இடத்தைப் பாருங்கள். அழைப்பாணை வந்த நாளில் நேரில் சென்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னால் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். சலான் போட்ட அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கேமராப் பதிவைச் சான்றாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழைக் காவல்துறை தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஆட்சேபம் தெரிவியுங்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

பயனுள்ளதா என்பதற்கு என் கருத்து: பணக் கணக்கை மட்டும் பார்த்தால் இல்லை. இரண்டு நாள் விடுப்பும் பேருந்துச் செலவும் 500 ரூபாயைத் தாண்டிவிடும். ஆனால் இந்த 500 ரூபாய் அபராதத்துக்குரிய 177-ஆம் பிரிவில் அடுத்த தவறுக்கு 1,500 ரூபாய் வரை போகலாம். ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்தியதாக வந்த சலான் என்றால், மூன்றாண்டுகளுக்குள் இரண்டாவது முறைக்கு 10,000 ரூபாய் வரை ஏறும். செய்யாத தவறை முதல் தவறாகப் பதிவில் ஏற்றிக்கொள்வதன் விலை அதுதான். எனவே கைப்பேசிச் சலான் தவறாக வந்தால் தயங்காமல் எதிர்க்கச் சொல்வேன். உங்களுடையதில் குறைதீர்ப்பு வரை உறுதியாகச் செல்லுங்கள், நீதிமன்றத்தை உங்கள் நேரம் அனுமதித்தால் நாடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் பாதித் தொகை கட்டி எல்லா சலானையும் முடித்துவிட்டான். இங்கும் லோக் அதாலத்தில் அப்படிக் குறைப்பார்கள், ஆறு மாதம் காத்திருந்தால் சலானே காலாவதியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?
*வாசகி, குரோம்பேட்டை*

பதில்: உங்கள் அண்ணனுக்குக் கிடைத்தது கர்நாடக அரசு தனி ஆணையால், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அறிவித்த சலுகை. 2023-இலும் 2025-இலும் அங்கே அப்படி அறிவித்தார்கள், தெலங்கானாவிலும் நடந்திருக்கிறது. அது லோக் அதாலத்தின் பொது விதி அல்ல, அந்தந்த மாநில அரசின் முடிவு. தமிழக அரசின் ஆணை கையில் இல்லாதபோது அதை நம்பிக் காத்திருப்பது சரியல்ல. இடைத்தரகர் ஒருவர் "பாதியில் முடித்துத் தருகிறேன்" என்றால் அவரிடம் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

ஆறு மாதக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது காவல்துறை எப்போது வழக்கைத் தாக்கல் செய்தது என்பதைப் பொறுத்தது, நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. உங்கள் சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத்தில் ஏறியிருந்தால், தாக்கல் செய்த தேதியை அங்கேயே பார்த்து, சம்பவ நாளிலிருந்து எண்ணுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதை எதிர்வாதமாக எழுப்பலாம். தாண்டவில்லை, படமும் உங்கள் வண்டியைத்தான் காட்டுகிறது என்றால், இந்த வாரமே கட்டி ரசீதை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள்.