128 ஜிபி வாங்கினேன், 108 தான் காட்டுகிறது!

கேள்வி: புதுப் போன் பெட்டியில் 128 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கேபிள் மாட்டி விண்டோஸ் கணினியில் பார்த்தால் மொத்தமே 108 ஜிபி என்கிறது. மீதி 20 ஜிபி எங்கே? என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இந்தக் கேள்வி எனக்குத் தொடர்ந்து வருகிறது. ஏமாந்துவிட்டோமோ என்ற தவிப்பு ஒவ்வொரு கடிதத்திலும் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 20-ல் ஏறக்குறைய 9 ஜிபி எங்கேயும் போகவில்லை. போன் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் அப்படிக் கணக்கிடுவதில்லை. 1024-ஐ 1024-ஆல் பெருக்கி, மறுபடியும் 1024-ஆல் பெருக்கினால் வரும் 107,37,41,824 பைட்டைத்தான் அது ஒரு ஜிபி என்கிறது. உங்கள் போனில் உள்ள 12,800 கோடி பைட்டை இந்தக் கணக்கில் வகுத்தால் 119.2 வரும். நிலத்தை ஏக்கரில் சொன்னாலும் ஹெக்டேரில் சொன்னாலும் நிலம் அதே நிலம்தானே, அது மாதிரிதான் இதுவும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே இரண்டு கணக்குக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டது. மேக் கணினிகள் 2009-ல் 100 கோடிக் கணக்குக்கு மாறின. ஆண்ட்ராய்டு போன்களின் ஸ்டோரேஜ் பக்கம் 2017-ல் எட்டாம் பதிப்போடு மாறியது. விண்டோஸ் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

மிச்சம் 11 ஜிபி உண்மையாகவே உங்களுக்குக் கிடைக்காத இடம். ஆண்ட்ராய்டு, அதன் மேல் கம்பெனி பூசிய சொந்த வேலைப்பாடுகள், சிக்னல் பிடிக்கும் பகுதிக்கான மென்பொருள், போன் படுத்துவிட்டால் எழுப்பும் ரெக்கவரி எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துப் பூட்டி வைத்திருப்பார்கள். கணினிக்கு உங்கள் பங்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரே மாடல் போன் வைத்திருக்கிறோம், மென்பொருள் பதிப்பும் ஒன்றே. அவளுடையது 128 ஜிபி, என்னுடையது 512. ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘சிஸ்டம்’ என்ற வரியில் அவளுக்குக் காட்டுவதைவிட எனக்கு 25 ஜிபிக்கு மேல் அதிகம் காட்டுகிறது. பெரிய போனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குப்பை?

பதில்: குப்பை இல்லை. நீங்கள் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்ததே பெரிய விஷயம், ஏனென்றால் விடை அந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது. ஒரே மென்பொருள் இரண்டு போனில் இரண்டு அளவு இடத்தைப் பிடிக்காது. அப்படியென்றால் அந்த வரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘மொத்தம்’ என்று காட்டுவது அளந்து எழுதிய எண் அல்ல. 64, 128, 256, 512 என்று கிட்டத்தில் உள்ள சுற்றெண்ணுக்கு ஏற்றி எழுதுவார்கள். அதிலிருந்து உங்கள் ஆப், படம், வீடியோ, மீதியுள்ள இடம் எல்லாவற்றையும் கழித்து, கணக்கில் வராத பாக்கி முழுவதையும் ‘சிஸ்டம்’ தலையில் கட்டிவிடுவார்கள். சில கம்பெனிகளின் பக்கத்தில் மொத்தம் 100 கோடிக் கணக்கிலும் மற்றவை 1024 கணக்கிலும் இருக்கின்றன. அப்போது இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் சேர்ந்து சிஸ்டம் வரியில் ஏறிவிடுகிறது. 128-ல் அது சுமார் 9 ஜிபி, 512-ல் 35. இரண்டுக்கும் நடுவே 26. உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதுதான்.

2023 பிப்ரவரியில் சாம்சங் காலக்ஸி எஸ்23 வந்தபோது, 512 ஜிபி மாடலில் சிஸ்டம் மட்டும் 60 ஜிபி அளவுக்குப் பிடிக்கிறது என்று பெரிய சத்தம் எழுந்தது. அந்த 60-க்குள் இந்த 35-ம் அடக்கம். கழித்தால் மிஞ்சுவது 25 ஜிபி. அதுவும் என் கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் 60-க்கும் 25-க்கும் எவ்வளவு தூரம்! வாங்கியவரைத் தேவையில்லாமல் பதற வைக்கும் அந்த வரியைச் சரிசெய்ய வேண்டியது கம்பெனியின் கடமை.

கேள்வி: ஃபேக்டரி ரீசெட் செய்தால் இடம் கூடுமா? கம்பெனி போட்டு அனுப்பிய ஆப்களை எப்படி நீக்குவது?

பதில்: வாங்கிய அன்று இருந்த இடத்துக்கு மேல் ஒரு எம்பிகூடக் கூடாது. ரீசெட் உங்கள் பகுதியைத்தான் துடைக்கும், பூட்டிய பகுதியைத் தொடாது. இதை நம்பிப் படங்களை இழந்துவிடாதீர்கள்.

கூடவே வரும் ஆப்களில் இரண்டு ரகம் உண்டு. ‘அன்இன்ஸ்டால்’ பட்டன் இருந்தால் அது உங்கள் பகுதியில் இருக்கிறது. தயங்காமல் நீக்குங்கள், இடம் நிஜமாகவே திரும்பி வரும். ‘டிஸேபிள்’ மட்டும் இருந்தால் அது பூட்டிய பகுதியில் இருக்கிறது. முடக்கினால் பின்னால் வந்த அப்டேட்டும் அது சேர்த்த தரவும் போகும், மூலப் பிரதி அங்கேயே இருக்கும். எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இயங்குதளத்துக்கு இடம் வேண்டும், மறுக்க முடியாது. யாரும் கேட்காத ஷாப்பிங் ஆப்பையும் கேமையும் நீக்க முடியாத இடத்தில் வைத்து அனுப்புவதற்கு என்ன நியாயம்?

கேள்வி: அப்டேட் வரும்போதெல்லாம் ‘இடம் போதவில்லை’ என்கிறது. ஏற்கெனவே சிஸ்டத்துக்குத் தனி இடம் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. ஆனால் அப்டேட் பாதியில் நின்றாலும் போன் எழுந்திருக்க வேண்டுமே. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 இதற்காகவே சிஸ்டத்தின் இரண்டு பிரதிகளை வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம்பகமான முறைதான், ஆனால் இடத்தை நிறைய விழுங்கும். 2020-ல் ஆண்ட்ராய்டு 11 அதைத் திருத்தியது. இரண்டாவது பிரதியை நிரந்தரமாக வைக்காமல், அப்டேட் நடக்கும்போது மட்டும் தேவைப்பட்டால் உங்கள் பகுதியிலிருந்து இடம் கடன் வாங்கும். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் சில ஜிபியை எப்போதும் காலியாக வைத்திருங்கள். முழுக்க நிரம்பிய போன் எழுதுவதற்குத் திணறி மெதுவாகவும் ஆகும்.

கேள்வி: ‘கூடுதல் ரேம் 8 ஜிபி’ என்று ஒரு வசதி இருக்கிறதே, ஆன் செய்யலாமா?

பதில்: அது ரேம் இல்லை. உங்கள் ஸ்டோரேஜிலிருந்து 8 ஜிபியை எடுத்துத்தான் கொடுக்கிறது. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. இடத்துக்குத் தவிக்கிறவர்கள் அணைத்துவிடுங்கள், போனை ரீஸ்டார்ட் செய்தால் அந்த இடம் திரும்பும்.

கேள்வி: அப்படியானால் எத்தனை ஜிபி போன் வாங்குவது?

பதில்: பெட்டி எண்ணை மறந்துவிட்டு, மீதி என்ன என்று பாருங்கள். சிஸ்டத்தின் தேவை ஏறத்தாழ நிலையானது. சின்ன போனில் அது பெரும்பங்கைத் தின்றுவிடும். 2013-ல் காலக்ஸி எஸ்4-இன் 16 ஜிபி மாடலில் வாங்கியவருக்கு மிஞ்சியது சுமார் 9 ஜிபி. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் 64 ஜிபி சர்ஃபேஸ் ப்ரோ டேப்லெட்டில் 23 ஜிபிதான் காலியாக இருக்கும் என்று முதலில் அறிவித்தது. இன்று விற்கும் 64 ஜிபி போன்களிலும் சிஸ்டத்துக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது குறைவுதான். மெமரி கார்டு போட வழி இல்லையென்றால் 64-ஐ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

‘பயன்படுத்தக்கூடிய அளவு இதைவிடக் குறைவு’ என்று பெட்டியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எவ்வளவு குறைவு என்ற எண் இருக்காது. கம்பெனிக்குத் தெரிந்த எண்தானே, அதையும் 128-க்குப் பக்கத்திலேயே அச்சிடலாமே. அதுவரை, கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலை எடுத்து, செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து, காலி இடத்தைப் பாருங்கள். டெமோ வீடியோக்கள் கொஞ்சம் இடம் பிடித்திருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பழைய போனைத் திறந்து, சிஸ்டம் தவிர உங்கள் படங்களும் ஆப்களும் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். புதியதில் அதைப் போல இரண்டு மடங்கு காலியாக இருந்தால் வாங்கலாம்.