கட்டி இருக்குன்னாலே ஃபிட்ஸ் மாத்திரையா?

கோபி பக்கத்துல இருந்து ஒரு அம்மணி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 58 வயசு, தலைவலின்னு ஸ்கேன் எடுத்ததுல மெனிஞ்சியோமா, அதாவது மூளைய மூடியிருக்கற சவ்வுல வர்ற கட்டின்னு வந்திருக்கு, ஃபிட்ஸ் இதுவரைக்கும் வந்ததே இல்ல. ஆனா ஒறம்பரை ஒருத்தர் பேச்சக் கேட்டு மெடிக்கல்ல லெவெடிராசிட்டம் 500ங்கற ஃபிட்ஸ் மாத்திரை வாங்கி ரெண்டு வாரமா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு குடுக்கறாங்க, இப்ப மனுசன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாராம், கட்டி புத்தியக் கெடுத்துருச்சான்னு பயப்படறாங்க.

கட்டியாவும் இருக்கலாம், ஆனா அந்த மாத்திரையே பாதிப் பேர்த்த இல்லீனாலும் கொஞ்சம் பேர்த்தக் கோவக்காரராக்கும்ங்க, அத டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க. ஃபிட்ஸே வராதவங்களுக்கு வந்துருமோன்னு பயந்து மாசக்கணக்கா மாத்திரை போட வேண்டியதில்ல. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000லயே இதச் சொல்லிப்போட்டாங்க, 2021ல வந்த வழிகாட்டுதலும் அதேதான். ஆபரேஷன் சமயத்துல சர்ஜன் கொஞ்ச நாளைக்குக் குடுப்பாரு, அது அவர் கணக்கு. அதுக்காக இன்னிக்கே டப்பாவத் தூக்கி வீசிராதீங்க, பழகின மாத்திரைய டக்குன்னு நிறுத்தக்கூடாது, டாக்டர்ட்ட கேட்டுத்தான் குறைக்கோணும்.

ஒரே ஒரு தடவை வலிப்பு வந்துட்டா கணக்கே மாறிரும், அப்ப மாத்திரை வேணும். வலிப்புன்னா கீழ விழுந்து நொர தள்ளறது மட்டும்னு நெனைக்காதீங்க. வாயோரம் ஒரு பக்கமா இழுக்கறது, ஒரு கை மட்டும் தானா வெட்டறது, இல்லாத நாத்தம் அடிக்குதுங்கறது, பேசிட்டே இருக்கையில ரெண்டு நிமிசம் வெறிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறது, இதுவும் ஃபிட்ஸ்தான். இந்த மாதிரி முன்னாடி எப்பவாச்சும் வந்துச்சான்னு அம்மாகிட்ட கேளுங்க, அப்பாகிட்ட கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு. வந்தா செல்போன்ல வீடியோ எடுத்து வைங்க, டாக்டருங்க நாங்க பத்து கேள்வி கேட்டுத் தெரிஞ்சுக்கறத அது ஒண்ணே சொல்லிரும்.

இன்னொண்ணு, ஸ்கேன் ரிப்போர்ட்டோட வெளிய வந்தாலே ஆளுங்க சூழ்ந்துக்குவாங்க. நல்ல டாக்டர் இருக்காரு நான் கூட்டிட்டுப் போறேன்னு வர்ற வண்டிக்காரர் கமிசனுக்குத்தான் வர்றாரு. காப்பீட்டு அட்டைய உடனே எடுத்துத் தர்றேன்னு காசு கேக்கறவன நம்பாதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருச வருமானம் 1,20,000க்குள்ளன்னு விஏஓ சான்று, ரேசன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் போனா போதும், புரோக்கரே வேண்டாம். அவனுக்கு எடம் குடுக்கறதே நம்ம ஆஸ்பத்திரிகதான், ரிப்போர்ட்டக் கையில திணிச்சுட்டு அதுல என்ன இருக்குன்னு தமிழ்ல ரெண்டு நிமிசம் சொல்ல ஆளில்லீனா சனம் வேற யார்ட்டப் போகும்?

அப்பா தோட்டத்துக்குப் போலாம்ங்க. தென்ன ஏறறது, கெணத்து மேட்டுல உக்கார்றது, ராத்திரி மோட்டார் போடத் தனியாப் போறது மட்டும் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டாம். ஒருவேள வலிப்பு வந்தா ஒரு பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வைங்க, வாயில ஸ்பூன் வைக்காதீங்க, சாவிக்கொத்தக் கையில திணிச்சா நிக்காது, அது தானாத்தான் நிக்கும். 5 நிமிசத்துக்கு மேல போனா 108.